அம்மா குளிக்குது

பால் சொம்பு சாயாமல் இருக்க ஆட்டோ சீட்டில் துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது. பரசுராமன் நிமிர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை. மணி பத்தேகால்.

"எவனா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம், வா," என்றார் அம்மாவின் தம்பி தசரதன். "வெயில் ஏறுறதுக்குள்ள பால் தெளிச்சிட்டு வந்துடணும்."

"மதியா இருக்கும் மாமா. ஞாயித்துக்கிழமை இந்நேரம்தான் கூப்புடுவா."

மாமா துண்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் அம்மா கன்னியம்மாளின் உயிர் போனது. சாயங்காலமே எரித்தாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பொண்ணு வரலியா? தங்கை அறிவுமதி தென் துருவத்தில் இருக்கிறாள், பிப்ரவரிக்குப் பிறகு அக்டோபர் கடைசிவரை அங்கே விமானம் இறங்காது, அந்தக் குளிரில் எரிபொருளே உறைந்துவிடும் என்று பரசுராமன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். வேங்கிக்காலில் அவனோடு ஆபீஸில் வேலை செய்கிறவர்கள்கூட நம்பின மாதிரி தெரியவில்லை. "பிளேன் போகாத ஊர்ல பொண்ணுக்கு இன்னா வேலை?" என்றாள் ஒரு பெரியம்மா.

தங்கைக்கு இன்னும் விஷயமே தெரியாது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. வியாழக்கிழமை, ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு அம்மா சொல்லியிருந்தாள்: "மதிகிட்ட சொல்லாதடா. ஆறு மாச இருட்டுல ஒத்தையில கெடக்குறா. தெரிஞ்சா அங்க யாரு அவளைப் புடிச்சிக்குவாங்க? வந்தப்புறம் சொல்லிக்கலாம்." சரி என்றுவிட்டான். அப்போது சுலபமாகத்தான் இருந்தது.

ரிசீவரை எடுத்தான்.

"அண்ணா, நாந்தான். அம்மாகிட்ட குடு."

"அம்மா குளிக்குது."

பேச்சு போய்ச் சேர ஒரு நொடி பிடிக்கும். அந்த நொடியில் தான் சொன்னதைத் தானே கேட்டான். அடுத்த வாரம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாள் என நினைத்தான்.

"குளிச்சிட்டு வரட்டும், இருக்கேன். இன்னும் முக்கா மணி நேரம் சாட்டிலைட் இருக்கு. இந்த வாரம் ஒரே கூத்துண்ணா. ஐஸுக்குள்ள எறக்கின ஆன்டெனா எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஒரு துடிப்பு. நியூட்ரினோதான்னு எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம்."

அவள் வேலை அதுதான். எங்கோ கோடானுகோடி மைல் தாண்டி வருகிற துகள். மலை, மனுஷன், பூமி எல்லாவற்றையும் தொடாமல் ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது ஒன்று பனியில் மோதினால் ரேடியோவில் பிடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் எழும். அதற்காக எட்டு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது அம்மா கேட்டாள்: "ஒண்ணுகூட வரலியா? அப்புறம் எதுக்கு உக்காந்துனு இருக்கீங்க?" "வரலன்னு தெரியறதும் ஒரு பதில்தாம்மா. எவ்ளோ கம்மின்னு சொல்லலாம் இல்ல." "இதுக்குப் போயி சம்பளம் குடுக்குறான் பாரு," என்று சிரித்தாள் அம்மா.

"அப்புறம்?" என்றான் பரசுராமன்.

"அப்புறம் இன்னா, எங்க தண்ணி பம்ப்பு! அது ஓடுற சத்தம். ரெண்டு நாள் தூங்காம பாத்து இதைத்தான் கண்டுபுடிச்சோம்."

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கவேண்டிய இடம். வெளியே மாமா ஹாரனை அமுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆட்டோவா? யாருண்ணா?"

"மாமா வந்திருக்காரு."

"காலையிலயேவா? அம்மா இன்னும் வரலியா?"

அக்டோபர் முடிய இருபது ஞாயிற்றுக்கிழமை. குளிக்கிறாள், தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள். பெண் பார்த்துக்கொண்டே அவனுக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. அம்மா போனதைச் சொல்லி அழ அவனுக்கு இருந்ததும் இவள் ஒருத்திதான்.

"மதி, அம்மா இல்ல."

"எங்க போயிருக்கு? குளிக்குதுன்ன?"

"இல்ல மதி. அம்மா இல்ல. நேத்து விடியக்காலைல. மூச்சு வாங்குதுன்னு புதன்கிழமை சேத்தோம்."

ஒரு நொடி போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. லைன் போய்விட்டதா என்று ரிசீவரைக் காதோடு அழுத்தினான். தூரத்தில் ஏதோ மெஷின் இரைச்சல் கேட்டது.

"அண்ணா."

"ம்."

"நேத்து நான் அந்தப் பம்ப்பை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பாத்துனு இருந்தேன்."

"உங்கிட்ட சொல்லவேணாம்னுச்சு அம்மா. என்னால முடியல."

"இன்னா புடவை கட்டினாங்க?"

"பச்சை. சின்ன பார்டர் போட்டது."

"ராத்திரி உன்கூட வீட்ல யாரு இருந்தா?"

"மாமா இருந்தாரு."

மாமா நேற்று ராத்திரி எட்டு மணிக்கே அடி அண்ணாமலையில் தன் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்திருந்தார்.

"வெச்சிடாதண்ணா."

"வெக்கல."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. மாமா வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பதினோரு மணிக்கு லைன் தானாக அறுந்தது.

சுடுகாட்டில் வெயில் ஏறியிருந்தது. எலும்பு பொறுக்கிப் பானையில் போட்டு முடித்ததும் பரசுராமன் பாலை ஊற்றினான். சாம்பல் சுர்ரென்று உள்ளுக்கு இழுத்துக்கொண்டது.

"போதும், வா," என்றார் மாமா.

அவன் குந்தி உட்கார்ந்து, பால் படாத பக்கமாகச் சாம்பல்மேல் உள்ளங்கையை வைத்தான். இன்னும் சூடு இருந்தது.

"இன்னாடா பண்ற?"

"சும்மா மாமா."

கையை எடுக்கவில்லை.