சிமெண்டு போட்ட நாற்காலி

விவாகரத்து உத்தரவு ஆறு பக்கம். அதில் கத்திரிக்குத் தேவைப்பட்டது இரண்டே வரி. ஒன்று, நகர்த்தக்கூடிய தன் பொருட்களை அவள் சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள், தேவையான உதவியாட்களுடன் வந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு, தரையோடும் சுவரோடும் பிணைந்தவை வீட்டின் உரிமையாளருக்கே.

இரண்டாவது வரியை அவளுடைய முன்னாள் கணவனும் படித்திருந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரியோடு ராத்திரியாக அவளுடைய முடிவெட்டும் நாற்காலியின் அடித்தட்டில் நான்கு துளை போட்டு, தரைக்குள் போல்ட் இறக்கி, மேலே சிமெண்டும் பூசிவிட்டான்.

கத்திரி என்பது பட்டப்பெயர். பெண்களுக்கு முடி வெட்டுவது தொழில். அவன் ஆஸ்பத்திரியில் ஸ்டோர்கீப்பர். ஊசியோ கட்டிலோ, எதையும் சுலபத்தில் வெளியே விடாதவன். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவன் மனதிலிருந்தும் ஒரு பொருள் வெளியே வந்ததில்லை.

நாற்காலி, மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து கத்திரி தன் காசில் வாங்கியது. அவள் குள்ளம். மற்ற நாற்காலிகளைவிட நாலு விரல் கீழே இறங்குவது அது ஒன்றுதான். திங்கட்கிழமை புதுக் கடை திறக்கிறாள். முன்பணம் கொடுத்ததோடு கை காலி. நாற்காலி வராவிட்டால் கடை இல்லை, வெறும் கண்ணாடி மாட்டிய அறைதான்.

பத்து மணிக்கு அவளும் உத்தரவை நிறைவேற்ற வந்த கோர்ட் அமீனாவும் வேன் டிரைவரும் முன்னறையில் நின்று சிமெண்டைப் பார்த்தார்கள்.

"இது என்ன?" என்றாள் கத்திரி.

"தரை," என்றான் ஸ்டோர்கீப்பர்.

"நேத்து வரைக்கும் நாற்காலியா இருந்துச்சு."

"இப்ப தரை. ஆர்டரைப் படிச்சுப் பாரு."

அமீனா படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "பிணைஞ்சுதான்மா இருக்கு."

"பிணைச்சது யாரு, எப்பன்னு கேக்க மாட்டீங்களா சார்?"

"அதுக்கு நீங்க தனியா மனு போடணும்."

"போட்டா எத்தனை நாளாகும்?"

அமீனா நல்ல மனிதர். பொய் சொல்ல விரும்பாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

கத்திரி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி சார். அஞ்சு மணி வரைக்கும் நான் இந்த வீட்டுல இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

"இருந்து என்ன பண்ணக்கூடாதுன்னு ஏதாவது எழுதியிருக்கா?"

ஆறு பக்கத்தையும் புரட்டினார். "அப்படி எதுவும் இல்லம்மா."

உடனே போனை எடுத்தாள். "அக்கா, திங்கட்கிழமை வரச் சொன்னேனே, வேணாம். இன்னிக்கே வாங்க. பழைய இடத்துக்குத்தான். ஆமாம், அவன் வீடு. அவன்னுதான் சொன்னேன், உங்க காதுல கோளாறு இல்ல."

ஒன்பது வருஷமாக அவள் வாயில் இருந்த 'அவரு' அன்றைக்குத்தான் வீட்டை விட்டுப் போனது.

பதினொரு மணிக்கு முதல் பெண் வந்தாள். பன்னிரண்டுக்கு மூன்று பேர். இரண்டு மணிக்கு ஏழு பேர், சோபா கொள்ளாமல். உட்காரும் ஒவ்வொருத்தியும் குனிந்து பார்த்து, "காலடியில என்னடி சிமெண்டு?" என்று கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் கத்திரி நிதானமாக, முதலிலிருந்து சொன்னாள். கத்திரிக்கோல் வேகமாகவும் கதை மெதுவாகவும் போயின. முடி கொட்டிக்கொண்டே இருந்தது. விளக்குமாறும் கையுமாக ஸ்டோர்கீப்பர் பின்னாலேயே பெருக்கினான்; பெருக்கிய இடத்தில் மறுபடியும் கொட்டியது.

"எல்லாரும் வெளிய போங்க! இது என் வீடு!"

"உதவியாட்கள்னு இருக்கு சார்," என்றார் அமீனா. "எத்தனை பேருன்னு இல்ல."

உடனே ஈரத் தலையோடு ஒருத்தி எழுந்து கத்திரியின் துணிகளை மூட்டை கட்டினாள். உதவி நடந்துவிட்டது.

"முடி வெட்டிக்கறது உதவியா?"

"தரையில உட்கார்றதுக்கு ஆர்டர் வேணுமா தம்பி?" என்றாள் நாற்காலியில் இருந்தவள். "நீங்கதானே இது தரைன்னு சொன்னீங்க?"

மூன்றரை மணிக்குச் சமையலறைக் கதவு திறந்தது. கையைத் துடைத்துக்கொண்டே அவன் அம்மா வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எந்திரி."

"ரெண்டு மாசமா வளர்ந்து காடாக் கிடக்கு. நீ வெட்டி விடுவியா?"

அவன் விளக்குமாற்றைப் பார்த்தான்.

"அத்தை, வழக்கம்போல காது வரைக்கும்தானே?" என்றாள் கத்திரி.

"ஆமாம். பின்னாடி மட்டும் கொஞ்சம் ஒட்ட."

சோபாவிலிருந்து ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உங்க பையன் ஏன் இப்படிப் பண்றாரு?"

"பெத்தது நான்தான். புத்தியை எந்தக் கடையில வாங்கினான்னு எனக்குத் தெரியாது."

வலது பக்கம் முடிந்தபோது மணி நாலே கால். அமீனா இருமினார். கத்திரியின் கை முதல் தடவையாக நின்றது. இத்தனை தலை வெட்டியும் சிமெண்டு ஒரு துளி அசையவில்லை. ஸ்டோர்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான். அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான், முக்கால் மணி நேரம் சும்மா இருப்பது.

"டிரைவர் அண்ணே, வண்டியில சுத்தியல், உளி இருக்கா?"

"இருக்கு. டயர் கழட்டற ஸ்பேனரும் இருக்கு."

"தரையை உடைச்சா நான் ரிப்போர்ட் எழுதணும்மா," என்றார் அமீனா.

"எழுதுங்க சார். என் பேரைத் தப்பில்லாம எழுதுங்க."

"ஒரு நிமிஷம்," என்றாள் நாற்காலியிலிருந்த அத்தை. "தரையோட பிணைஞ்சது யாருக்குன்னு போட்டிருக்கு?"

"வீட்டின் உரிமையாளருக்கு," என்று படித்தார் அமீனா.

"அது நான்ல? வீடு என் பேர்லதான் இருக்கு. வரி ரசீது பீரோவுல இருக்கு, காட்டவா?"

ஸ்டோர்கீப்பரின் சிரிப்பு, இறங்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. ராத்திரியெல்லாம் மண்டியிட்டு அவன் பூசிய சிமெண்டு, நாற்காலியைக் கொண்டுபோய் அவன் அம்மாவிடம் சேர்த்திருந்தது.

"என் தரை, நான் சொல்றேன். உடைடி. உனக்கே குடுத்துட்டேன்."

"நீங்க குடுத்து நான் வாங்கிக்கல அத்தை. என்னுதை நான் எடுத்துக்கறேன்."

"சரி, சரி. வாய்ல வெட்டாம உளியால வெட்டு."

கத்திரி தரையில் உட்கார்ந்து அடித்தாள். ஒரு ராத்திரிச் சிமெண்டு. பத்து அடியில் பிளந்தது. மூன்று நட்டு கழன்றது. நாலாவது துருப்பிடித்த மாதிரி நின்றது. டிரைவர் ஸ்பேனரைப் பிடிக்க, அவள் அதன் கைப்பிடி மேல் ஏறி நின்று மிதித்தாள். சத்தத்தோடு திரும்பியது.

"அத்தை, எந்திரிங்க. அஞ்சுக்கு எட்டு நிமிஷம்தான் இருக்கு."

"பாதித் தலையோட எங்கடி எந்திரிக்கறது? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? தூக்குங்க."

நாலு பேர் பிடித்தார்கள். ஐந்தாவதாக டிரைவர். ஸ்டோர்கீப்பர் வாசலை மறித்தான். "சார், அம்மா பட்டியல்ல இல்ல!"

அமீனா உத்தரவோடு இணைத்திருந்த பொருள் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். "'நாற்காலி, ஒன்று'ன்னு இருக்கு. அது மேல இருக்கறதைப் பத்தி ஒண்ணும் இல்ல சார். கொஞ்சம் வழி விடுங்க."

அடித்தட்டில் சிமெண்டுக் கட்டி ஒட்டிக்கொண்டிருக்க, மேலே போர்த்திய துணியோடு அத்தை உட்கார்ந்திருக்க, நாற்காலி படி இறங்கித் தெருவுக்கு வந்தது. அமீனா மணியைக் குறித்துக்கொண்டார், நான்கு ஐம்பத்து ஏழு.

"ஏத்திடலாமா?" என்றார் டிரைவர், மூச்சு வாங்கியபடி.

"இருங்கண்ணே. இடது பக்கம் பாக்கி இருக்கு." கத்திரி கையிலிருந்த சிமெண்டுத் தூளைத் தட்டிவிட்டுச் சீப்பை எடுத்தாள். எதிர்வீட்டு மாடியில் மூன்று தலை முளைத்தது. "நிமிர்ந்து உட்காருங்க அத்தை. தெருவே பார்க்குது."

"பார்க்கட்டும்," என்றாள் அத்தை. "நீ வெட்டு."