ஐந்து சுரம் குறைவு

கோர்படி ரயில்வே காலனி இரண்டாவது லைனில் குடியிருந்த அந்தோணியின் சாவு, போன ஆகஸ்ட் பதினாறாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பாதியில் நின்றது. அன்று மார்க்கெட்டில் தக்காளி கிலோ அறுபது ரூபாய். மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருந்த மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கண் மட்டும் திறந்து கூரையைப் பார்த்தது. அதே நிமிடத்தில் எதிர்வீட்டுப் பவுனுக்கு எடுத்திருந்த பிரசவ வலியும் நின்றுபோனது. இரண்டு வீட்டுச் செல்போனிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரே பாட்டு. பவுனின் தங்கை ஜான்சி, பதினேழு வயது, கோயில் பாடகர் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் சற்றுமுன் போட்டது. மாதா திருவிழாவுக்கு அவளே மெட்டமைத்த பாட்டு. கடைசி ஐந்து சுரம் மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

முடியாததைப் போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். குழுவை நடத்தும் ஜெயசீலன் வேண்டாம் என்றிருந்தார். "முழுசா முடிச்சுக் கொண்டா பாப்பா. பாதிய நாலு பேர் வாய்ல குடுத்தா அப்புறம் அது உன் பாட்டா இருக்காது." ஆனால் நாலு பேர் கேட்டுச் சொன்னால்தான் முடிவு வரும் என்று ஜான்சி நம்பினாள். எண்பத்தாறு பேர் கேட்டார்கள். அறுபது பேர் கும்பிடும் கை அனுப்பினார்கள். முடிவை ஒருவரும் சொல்லவில்லை.

கேட்டவர்களுக்கு அன்றிலிருந்து எதுவும் முழுதாக முடியவில்லை. ஜான்சியின் அப்பா கிறிஸ்டோபருக்கு ஒரு கன்னம் மட்டும் சவரம் ஆனது. அப்படியே தொழிற்சாலைக்குப் போய்வந்தார். அம்மாவின் குக்கர் இரண்டு விசிலோடு நிறுத்திக்கொண்டது. யாரோ பாட்டை கேட்மேனுக்கு அனுப்பிவிட்டதால் லெவல் கிராசிங் கம்பி இடுப்புயரத்திலேயே நின்றது, ஸ்கூட்டர்காரர்கள் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். ரயில் மட்டும் நேரத்துக்கு வந்தது. ஜெயசீலன் ஹார்மோனியத்தில் பதினொரு முடிவு போட்டுப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை.

செப்டம்பர் போனது, அக்டோபர் போனது, பவுனுக்குப் பன்னிரண்டு மாதம் ஆனது. ஆபரேஷனுக்கு மூன்று முறை கூட்டிப்போனார்கள். ஒருமுறை மயக்க மருந்து பாதிதான் ஏறியது. ஒருமுறை கரண்ட் போனது. மூன்றாம் முறை டாக்டரின் கை கத்தியோடு காற்றிலேயே நின்றது, அவரும் பாட்டைக் கேட்டிருந்தார்.

ஜான்சிக்கு அந்த ஐந்து சுரம் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பல் துலக்கும்போது வந்தது. வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். முடித்தால் அக்காவின் குழந்தை பிறக்கும், எதிர்வீட்டில் அந்தோணியின் மூச்சு வெளியே வந்து தீரும். பாட்டைப் போடாமலே இருந்திருந்தால் அவர் ஆகஸ்டிலேயே போயிருப்பார். போட்டதால் இப்போது அக்கா போகப்பார்க்கிறாள். இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரோ ஒருவர் படுக்கையில் கிடந்தார்.

அந்தோணியின் மகள் சாந்தகுமாரி தினமும் டப்பாவில் அவல் போஹா கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"எங்கப்பா மூச்சு உன் வாய்லதான் இருக்கு பாப்பா. தும்முனாக்கூடப் பாத்துத் தும்மு."

பவுன் வேறு மாதிரிப் பேசினாள். "முடிச்சுத் தொலைடி. இல்லன்னா நானே எதையாச்சும் பாடி முடிச்சிருவேன். என் குரல் எப்டின்னு உனக்குத் தெரியும்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

நவம்பர் மூன்றாம் தேதி, குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, "தோ தின், பஸ்" என்று இந்தியில் சொன்னார் டாக்டர், இரண்டே நாள்தானாம். மறுநாள் ஜான்சி வார்டிலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பினாள். இரண்டு கையையும் அக்காவின் காதில் குவித்து, ஐந்து சுரத்தையும் மூச்சளவில் பாடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்குக்கூடக் கேட்கவில்லை. கோர்படியில் அந்தோணி அசையவில்லை. பதினொரு நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது, ஐந்தரைக் கிலோ, வாயில் நாலு பல். மாதாவே என்று அம்மா கையெடுத்தபோது குழந்தை அழுதது. அந்த ஐந்து சுரத்திலேயே அழுதது. அன்று மாலை அம்மாவின் குக்கர் மூன்றாவது விசிலை அடித்தது.

பசிக்கும் அதே சுரம், ஈரத்துக்கும் அதே சுரம். பவுன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே சாங்விக்கு, புருஷன் வீட்டுக்குப் போனாள். சாந்தகுமாரி வந்து ஜான்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாருக்கட்டும் புள்ள. இந்தப் பக்கம் மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

ஆனால் ஞானஸ்நானம் காலனிக் கோயிலில்தான் என்று கிறிஸ்டோபர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஃபாதர் ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் கொடுத்தார். குழந்தை அழுதால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று, தடுப்பூசி முகாமுக்கு வருவதுபோல், பாதிச் சவரக்காரர்கள் காலையிலேயே கோயில் வாசலில் வரிசை கட்டினார்கள். கேட்மேன் முதல் ஆளாக நின்றார். சாந்தகுமாரி அப்பாவின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, கதவிடுக்கெல்லாம் பழைய புடவையைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைச் சாத்தித்தர ஜான்சி போனாள்.

ஐந்து மாதமாக அசையாத அந்தோணியின் வலது கை மெல்ல மேலே வந்தது. ஒரு காதுப் பஞ்சை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தார். பிறகு மற்றதையும் எடுத்தார். ஜான்சியின் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"அப்பா காதுல பஞ்சு சரியா இருக்கா பாப்பா?" சமையலறையிலிருந்து சாந்தகுமாரி கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி," என்றாள் ஜான்சி. ஜன்னல் கொக்கியைப் போடாமல் வெளியே வந்தாள். லைன் முனையில் பவுன் வந்த ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. குழந்தைக்குப் பால் நேரம் தாண்டியிருந்தது.