மாப்பிள்ளையின் நெற்றியில் பத்து இருபது

ராணுவ நர்சிங் கல்லூரியில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தது அறைத்தோழிதான். வந்து சேர்ந்த முதல் நாள், பெட்டியின் பூட்டைத் திறப்பதற்குள் ரேடியோ தன் குடும்பக் கதை முழுவதையும் ஒலிபரப்பி முடித்துவிட்டாள். அம்மா தையல்காரி. அப்பா லாரி டிரைவர், வீட்டில் விருந்தாளி மாதிரி. அவளுக்குப் பதினாறு வயதில் ஊருக்குள் வெள்ளம் புகுந்தபோது பள்ளிக்கூட மாடியில் ஒதுங்கினார்கள். அம்மாவின் பாதத்தைத் தகரம் கிழித்துவிட்டது. படகில் வந்த ஒரு ராணுவ நர்ஸ், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து ஒன்பது தையல் போட்டார். அம்மா வலியை மறந்து குனிந்து பார்த்துவிட்டு, இடைவெளி சீராக இருக்கிறது என்று தொழில்முறையில் பாராட்டினாளாம். போட்டால் இந்த உடுப்பைத்தான் போடுவது என்று ரேடியோ அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

“சரி, இப்ப மூச்சு விட்டுக்கோ” என்றாள் அறைத்தோழி.

நான்கு வருடப் படிப்பு. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஓட்டம், ஏழரைக்கு வார்டு, பத்து மணிக்கு வகுப்பு. இருநூற்றாறு எலும்புகளையும் குளியலறை வரிசையில் நின்றபடியே ஒப்பிப்பார்கள். மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று கற்றுக்கொண்டபின், கடைப் பில்லைக்கூட இரண்டு முறை பார்க்கும் வியாதி எல்லோருக்கும் வந்தது. மற்ற நர்சிங் கல்லூரிகளில் ரப்பர் கையில் ஊசி குத்திப் பழகுவார்கள். இங்கே அதே ரப்பர் கையை, குண்டும் குழியுமான பாதையில் ஓடும் லாரியில் வைத்துக் குத்தச் சொன்னார்கள். ரேடியோ முதல் வாரம் தன் பெருவிரலில் மூன்று முறை குத்திக்கொண்டாள். நான்காவது வாரத்தில், லாரி பள்ளத்தில் இறங்கும் அதே நொடியில் ஊசியை ஏற்றினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து ஹாரன் அடித்துப் பாராட்டினார்.

எழுத்துத் தேர்வு, வார்டுத் தேர்வு எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். கவிழ்ந்தது கடைசிப் படியில், களத் தேர்வில்.

களத் தேர்வு என்றால் மைதானமே போர்க்களம். புகை விடுவார்கள், வெடிச்சத்தம் போடுவார்கள். பக்கத்துப் படைப்பிரிவின் சிப்பாய் ஒருவர் காயம்பட்டவராக நடிப்பார். தொடையில் ஒட்டிய பையிலிருந்து சிவப்புத் தண்ணீர் பீச்சும். மாணவி பட்டையை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்த வேண்டும். எத்தனை மணிக்குக் கட்டினோம் என்பதை அவர் நெற்றியிலேயே எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குமேல் இறுக்கம் அப்படியே இருந்தால் காலுக்கே ஆபத்து. அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அந்த நேரம்தான் முதல் செய்தி. பயிற்சி என்பதால் தோலில் எழுதக்கூடாது, நெற்றியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் எழுத வேண்டும் என்பது கல்லூரி விதி.

போன முறை ரேடியோ எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். ஆனால் ஸ்ட்ரெச்சர் ஒரு கிலோமீட்டர் போய்ச் சேருவதற்குள் சிப்பாயின் வியர்வையில் பிளாஸ்திரி நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. கூடாரத்தில் டாக்டர் நெற்றியைப் பார்த்தார், வெறும் நெற்றி. ரேடியோ ஓடிப்போய் நேரத்தை வாயால் சொன்னாள். தேர்வாளரான மேஜர் மேடம் குறுக்கே கையை நீட்டினார்.

“நீ சொல்ற நேரம் சரிதான். ஆனா நிஜத்துல இவன் ஹெலிகாப்டர்ல போயிடுவான், நீ அடுத்த ஆளைப் பார்க்க ஓடியிருப்ப. உன் வாய் இவன்கூடப் போகாது.”

தோல்வி. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் போனால் நர்ஸ் பட்டம் கையில் இருக்கும், வெளியே எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைக்கும். ராணுவ உடுப்பும் அதோடு வரும் அதிகாரிப் பதவியும் மட்டும் கிடையாது. அம்மா போனில், வெளியே வேலை பார்ப்பதும் நல்ல காரியம்தானே என்று சமாதானம் சொன்னாள். பிறகு, உடுப்புக்குத் தோள் அளவை மட்டும் எழுதி அனுப்பு, எதற்கும் இருக்கட்டும் என்றாள்.

ரேடியோ நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். கப்பலில் போகும் சாக்கு மூட்டைகளில் முகவரி எழுதுகிற மார்க்கர் பேனா ஒன்றைக் கேட்டு வாங்கினாள். மழை, வெயில், எண்ணெய் எதற்கும் அசையாது என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்தார்.

இரண்டாம் தேர்வு நாள். அவளுக்கு வாய்த்த நோயாளி ஒரு சிப்பாய், பெயர் மாப்பிள்ளை. அதாவது, அவருக்கு மறுநாள் காலையில் கல்யாணம் என்பதால் படைப்பிரிவே ஒரு மாதமாக அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மாலை ஆறு மணிக்குப் பஸ். அதுவரை சும்மாதானே இருக்கிறாய் என்று பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

“சிஸ்டர், கொஞ்சம் பார்த்துச் செய்ங்க. முழுசா ஊர் போய்ச் சேரணும்” என்று படுத்தபடியே சொன்னார்.

விசில் ஊதியதும் புகை எழுந்தது. இந்த முறை மேஜர் மேடம் மழையும் ஏற்பாடு செய்திருந்தார். தண்ணீர் லாரியிலிருந்து குழாய் பீய்ச்சியது. ரேடியோ முட்டி போட்டு வழுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். பட்டையைச் சுற்றினாள், முறுக்கினாள், சிவப்புத் தண்ணீர் நின்றது. கடிகாரம் பத்து இருபது. பிளாஸ்திரியை ஒட்டினாள், வழுக்கி விழுந்தது. இன்னொன்று ஒட்டினாள், அது அவள் விரலில்தான் ஒட்டியது. மூன்றாவதைத் தேடவில்லை. ஈர நெற்றியைத் தன் சட்டைக் கையால் ஒரு துடை துடைத்து, இரண்டு விரல் அகல எழுத்தில் நேராகத் தோலிலேயே எழுதினாள். T, அதாவது ‘டூர்னிகே’ என்கிற பட்டை கட்டியிருக்கிறது. பக்கத்தில் 1020.

கூடாரத்தில் டாக்டர் பத்தடி தூரத்திலேயே நெற்றியைப் படித்துவிட்டார். அவரிடம் ரேடியோவை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்கு அது ஒரு சாதனை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மாப்பிள்ளை முகம் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். ஆம்புலன்ஸ் கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சிஸ்டர், நாளைக்கு எனக்குக் கல்யாணம்” என்றார், அவளுக்குத் தெரியாத செய்தி மாதிரி.

இங்கேதான் ஒரு படிவம் குறுக்கே வந்தது. ஏதோ ஒரு வருடம், உற்சாகம் மிகுந்த மாணவி ஒருத்தி நடித்தவரின் விலா எலும்பை நிஜமாகவே உடைத்துவிட்டாளாம். அதிலிருந்து, தனக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை என்று நோயாளியாக நடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மாணவி தோல்வி. படிவம் நான்கு மணிக்குள் மேஜர் மேடம் மேஜைக்கு வந்தாக வேண்டும்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஆனால் நெற்றியில் நம்பரோடு மணமேடையில் நிற்பது கெடுதலா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. அழித்துவிட்டால் உடனே கையெழுத்து என்றார்.

அறைத்தோழி பஞ்சுக் கட்டோடு ஓடிவந்தாள். ஸ்பிரிட் தேய்த்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். பற்பசை, எலுமிச்சை, நகச்சாயம் அழிக்கிற திரவத்தில் பயந்து பயந்து ஒரு சொட்டு. கறுப்பு எழுத்து கொஞ்சம் சாம்பலானது, அதைச் சுற்றி நெற்றி தக்காளியானது. இப்போது முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது என்று அறைத்தோழி உண்மையைச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் கொடுத்த உத்தரவாதத்தை ரேடியோ மனதுக்குள் சபித்தாள்.

மணி மூன்று. ரேடியோ பஞ்சைக் கீழே வைத்தாள். இதைச் செய்தது நான், கல்யாணப் பெண்ணிடம் நானே பேசுகிறேன் என்றாள். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வீடியோ போட்டார்.

கல்யாணப் பெண் கணக்கு டீச்சர். திரையில் அந்த நெற்றியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. ரேடியோ ஒன்றையும் மறைக்கவில்லை. மழை, வழுக்கிய பிளாஸ்திரி, போன முறைத் தோல்வி, மூட்டைக்கு எழுதுகிற மார்க்கர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“இவருக்கு நிஜமாவே அடிபட்டா, இப்படித்தான் எழுதுவீங்களா?”

“இப்படித்தான் எழுதுவோம்.”

“அழியாதா?”

“மூணு பேர் நாலு மணி நேரமாத் தேய்க்கிறோம், நீங்களே பாருங்க.”

டீச்சர் மாப்பிள்ளையைப் பார்த்து, “ஏங்க, அவங்களை விடுங்க. தேய்க்கிறதை நிறுத்தச் சொல்லுங்க” என்றாள்.

“கல்யாண போட்டோவுல...”

“பவுடர் எதுக்கு இருக்கு? நாளைக்குப் பத்தரைக்குக் கல்யாணம். மோதிரம் வாங்க வரச் சொன்னதுக்கே முக்கால் மணி நேரம் லேட்டா வந்த ஆளு நீங்க. நெத்தியில பத்து இருபதுன்னு இருந்தா, பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பீங்க. அப்படியே கிளம்பி வாங்க.”

மாப்பிள்ளை பேனாவைக் கேட்டார். ரேடியோ பதற்றத்தில் மார்க்கரை நீட்டினாள். அவர் ஒரு எட்டு பின்னால் போய், வேறு பேனா இருந்தால் கொடுங்கள் சிஸ்டர் என்றார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் படிவம் மேஜையில் இருந்தது. மேஜர் மேடம் அதைப் படித்து, மதிப்பெண் தாளைப் பிரித்தார். தேறுவதற்கு எழுபது வேண்டும்.

“தோல்ல எழுதக்கூடாதுன்னு விதி. அதுக்கு அஞ்சு குறைச்சிட்டேன்.”

ரேடியோ விறைப்பாக நின்றாள்.

“பிளாஸ்திரி ஒட்டலைன்னதும், போன வாரம் இதே மழையில தேர்வு எழுதின மூணு பேரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாங்க. நீ பார்க்கல, வேலையைப் பார்த்த. அதுக்குப் பத்து போட்டிருக்கேன். எழுபத்தாறு. பத்து நாள்ல அணிவகுப்பு. போய் உடுப்பைத் தைக்கக் கொடு.”

மாடிப்படியை அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டு, “தேறிட்டேம்மா” என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா பதறிப்போய், என்ன இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறாய், உடம்பு சரியில்லையா என்று மூன்று முறை கேட்டாள். அப்புறம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள், சிரித்தாள், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள்.

வாசலில் மாப்பிள்ளை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சீருடை, தோளில் பை, புருவம் வரை இழுத்துவிட்ட தொப்பி. அவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார், குதிகால் சேர்த்தார், கையைத் தூக்கி ஒரு சல்யூட் அடித்தார்.

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணே, நான் இன்னும் அதிகாரி ஆகல. அதுக்குப் பத்து நாள் இருக்கு.”

“பத்து நாள் கழிச்சு நான் லீவுல இருப்பேன். இப்பவே வாங்கிக்கோங்க, மேடம்.”

கையை அவர் இறக்கவில்லை. பதில் சல்யூட் வரும்வரை இறக்கவும் கூடாது. நான்கு வருடமாக மேலே இருப்பவர்களுக்கே சல்யூட் அடித்துப் பழகிய கை, திரும்பக் கொடுப்பது எப்படி என்று ஒரு நொடி யோசித்தது. பிறகு எழுந்தது.