கொசுறு முகங்கள்

திருப்பதியில் ஃப்ளெக்ஸ் என்றால் மேலே தலைவர், நடுவே விஷயம், கீழே வரிசையாக நம்மாட்கள். பிறந்தநாளோ, மஞ்சள் நீராட்டோ, கருமாதியோ, கீழ்வரிசை இல்லாத ஃப்ளெக்ஸ் கரை இல்லாத புடவை மாதிரி. தலைவர் படம் கொஞ்சம் கோணலாக விழுந்தால் மன்னிப்பார்கள். தன் ஸ்டாம்பு சைஸ் முகத்தில் மீசை மங்கினால் கடைக்கே வந்து சண்டை போடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த முகங்களை வெட்டி ஒட்டித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

லென்சா என் கடைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. எத்தியோப்பியாவிலிருந்து வந்து இங்கே ஐந்து வருடமாக விவசாய ஆராய்ச்சி செய்கிற பெண். தெலுங்கும் கொஞ்சம் தமிழும் கலந்து சரளமாகப் பேசினாள். தான் ஒரோமோ என்றாள். அது எந்தப் பக்கத்து ஊர் என்று கேட்டேன்.

"ஊர் இல்லண்ணா, ஜனம். நாலு கோடிப் பேர்."

அவள் தம்பி போன்சா, கல்லூரி மாணவன். ஒரு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியதற்காகப் பதினோரு மாதம் முன்பு அங்கே போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துப் போனார்கள். கோர்ட்டுக்குக் கொண்டுவரவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு பாலாஜி காலனியில் ஒரு ஹாலில் கூட்டம். அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிற ஒரோமோ பிள்ளைகள் ஆன்லைனில் சேர்வார்கள். அதற்குத்தான் ஃப்ளெக்ஸ்.

நான் சொன்ன ரேட்டைக் கேட்டதும் ஸ்டூலை விட்டு எழுந்தாள். ஆனால் வாசல்வரை போகவில்லை. பாதி வழியில் நின்று ஃபேனைப் பார்த்தாள். நகரியில் எங்க நைனாவின் நூல் கடையில் வளர்ந்தவன் நான். பேரம் பேசுகிறவர்களின் அந்தப் பாதி வழி எனக்கு அத்துப்படி. அப்போதே அவளைப் பிடித்துப்போனது. அவள் கேட்ட விலைக்கே முடித்துக்கொடுத்தேன்.

டிசைன் பார்ப்பதற்காக லென்சாவும் இங்கே படிக்கிற அவள் ஊர்ப்பிள்ளைகள் ஆறு பேரும் ஒரு வாட்ஸப் குரூப் போட்டு என்னையும் சேர்த்தார்கள். போன்சாவின் முகம், கீழே "போன்சா எங்கே?" என்ற கேள்வி, அவ்வளவுதான். சனிக்கிழமை அவள் சரி என்றாள். பிரிண்ட் போடும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. கீழே அரை அடி காலியாகக் கிடந்தது. குரூப்பில் இருந்த ஏழு பேரின் டிபியையும் எடுத்து அங்கே வரிசையாக அடுக்கச் சொன்னேன்.

"அவங்க கேட்டாங்களா சார்?" என்றாள் என் டிசைனர் அக்ஷயா.

"கேட்டுக் குடுத்தா அது கொசுறா?"

ஞாயிறு காலை எட்டரைக்கு இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது லென்சா போன் செய்தாள். குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, எங்க முகத்த யார் போடச் சொன்னது?"

ஸ்கூட்டரை விரட்டினேன். ஹால் வாசலில் ஏழு மணிக்கே என் ஆட்கள் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை நிழலில் ஆறு பேர் மாஸ்க் போட்டுக்கொண்டு, தங்கள் முகங்களைத் தாங்களே தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லென்சா மட்டும் ஏணி இல்லாமல் கம்பத்தின் முடிச்சோடு மல்லுக்கட்டினாள். நான் ஸ்கூட்டர் சீட்டின் மேலேறி அவிழ்த்தேன். அவசரத்தில் இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போனது.

"அழகுக்குப் போட்டேம்மா."

"எங்க முகம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லண்ணா. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு வீடு இருக்கு. போன வருஷம் வேற ஊர்ல ஒருத்தன் போட்டோல தெரிஞ்சான். மூணாம் நாளு எங்க நாட்ல அவங்க அப்பாவ கூட்டிப் போனாங்க. எங்க வீட்ல அம்மா தனியா இருக்காங்க."

ஃப்ளெக்ஸைச் சுருட்டும்போது ஹரிபாபு வந்தான். உள்ளூர் யூடியூப் சேனல் நடத்துகிறவன். மைக்கில் அவன் போட்டோவே ஒட்டியிருக்கும். "அவுத்துட்டியா? பரவால்ல, நான் அப்பவே ஏத்திட்டேன். ஃபாரின் ஸ்டூடண்ட்ஸ் மேட்டர் நல்லா போயிக்கினுகீது."

வீடியோவைக் காட்டினான். கேமரா கீழ்வரிசையில் ஒவ்வொரு முகமாக, பந்தியில் சாம்பார் ஊற்றுகிற மாதிரி, நின்று நின்று போனது.

"எடுத்துடுப்பா."

"இன்னா நாகேந்திரா, வெளையாடறியா? எரநூறு வியூஸ் தாண்டிச்சி."

பேரம் பேசினேன். ஆயுட்காலத்தில் அவ்வளவு வேகமாகப் பேசியதில்லை. உகாதி ஃப்ளெக்ஸில் அவனுக்கு இரண்டடி முகம் என்றேன். மசியவில்லை. எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்தில் என்றேன். "பக்கத்துலன்னா, தோளுக்கா, காலுக்கா?" என்றான். தோளுக்கு என்றதும் வீடியோவை அழித்தான்.

"ஃபாரின் கமெண்ட்லாம் வந்துச்சி தெரியுமா," என்று வருத்தத்தோடு ஸ்கிரீன் ஷாட்டைக் காட்டினான்.

இங்கிலீஷ் எழுத்தில் மூன்று வார்த்தைகள். லென்சா வாங்கிப் பார்த்தாள். அவள் பெயர், அவள் அப்பா பெயர், தாத்தா பெயர். அவர்கள் ஊரில் முழுப்பெயர் அப்படித்தான். நான் ஃப்ளெக்ஸில் ஒரு பெயரும் போடவில்லை. எழுதியவன் யார் என்று தெரியாது. அவனுக்கு இவளைத் தெரியும்.

அம்மாவுக்குப் போன் அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பெரியம்மாவுக்கு மெசேஜ் போட்டாள். ஹால் வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். அவளுக்குப் பின்னாலேயே நானும் நடந்தேன், எதற்கென்று தெரியாமல்.

திடீரென்று நின்றாள். "கடைக்குப் போலாம். வேற பிரிண்ட் போடுங்க."

"கீழ்வரிசை இல்லாமதானேம்மா, இப்பவே..."

"அவங்க ஆறு பேரை எடுத்துடுங்க. என்னை மேல போடுங்க. தம்பி பக்கத்துல, அதே அளவு. மூணு பெயரும் போடணும், என்னுது, அப்பாவுது, தாத்தாவுது."

"பைத்தியமா உனக்கு?"

"தெரியக்கூடாதவனுக்குத் தெரிஞ்சிபோச்சுண்ணா. இனிமே மத்தவங்களுக்குத் தெரியலன்னா அவனுக்குத்தான் லாபம். யாருக்கும் தெரியாத ஆளை எது வேணா செய்வாங்க. என் தம்பிய அப்டிதான் செஞ்சாங்க."

நஷ்டத்தில் இப்படிக் கணக்குப் பார்க்கிற ஆளை எங்க கடைத்தெருவில் நான் கண்டதில்லை.

அக்ஷயா ஞாயிற்றுக்கிழமையும் ஓடி வந்தாள். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, "எந்த போட்டோ அக்கா?" என்றாள். லென்சா அங்கேயே சுவரோரம் நின்று எடுக்கச் சொன்னாள். சிரிக்கவில்லை. மெஷின் இப்படியும் அப்படியும் ஓடி, நெற்றி, புருவம், கண் என்று அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. மை காய்வதற்குள் மூன்று தடவை மணி பார்த்தாள், ஐந்து தடவை போன் அடித்தாள்.

பத்தேகாலுக்குக் கட்டினோம். ஆன்லைன் பிள்ளைகள் பார்க்க வாசலிலேயே ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். ஆறு பேரும் மாஸ்க்கும் தொப்பியுமாக, கேமராவுக்கு முதுகு காட்டி நின்றார்கள். லென்சா மட்டும் நேராக. அவர்கள் ஜனத்தின் போராட்ட அடையாளம் ஒன்று உண்டாம்: இரண்டு மணிக்கட்டுகளையும் விலங்கு பூட்டிய மாதிரி தலைக்கு மேலே குறுக்காக வைப்பது. அதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை என்னிடம் கொடுத்தாள்.

ஹரிபாபு எட்ட நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக அனுமதி கேட்டான். "எடுக்கட்டுமா மேடம்?"

"எடுங்க. பேரைத் தப்பில்லாம எழுதுங்க."

அவள் கைகளைத் தூக்கிய அரை நிமிஷத்தில் போன் என் கையில் அதிர்ந்தது. பெயர் இல்லாத வெளிநாட்டு நம்பர். அவளைப் பார்த்தேன். கையை இறக்கவில்லை.

"நீங்க எடுங்கண்ணா."

எடுத்தேன். ஒரு பெண் குரல், மூச்சு விடாமல் பேசியது. லென்சா என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் அவள் காதில் வைத்தேன்.

"யோவ், ஃப்ரேமுக்குள்ள வந்துக்கினுகீற, தள்ளு," என்றான் ஹரிபாபு.

எங்கே தள்ளுவது. அவள் கேட்டாள், கேட்டாள், அவர்கள் மொழியில் இரண்டே வார்த்தை சொன்னாள். பிறகு எனக்கு: "அம்மாதான் பேசறாங்க, பெரியம்மா வீட்டுக்கு பஸ் ஏறிட்டாங்க. எங்க வீட்டு வாசல்ல ஒரு ஜீப் நிக்கிதாம். அம்மா பின்பக்கமா போயிட்டாங்க."

"கையை இறக்கும்மா, போதும்."

"இன்னும் அவங்களுக்கு லைன் கிடைக்கலண்ணா. ஆஸ்திரேலியாக்காரங்க பாக்கணும்."

தோள் தளர்ந்து மணிக்கட்டுகள் இறங்கப் பார்த்தன, மறுபடி தூக்கினாள். மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனை அவள் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றேன், முழு முகமும் கேமராவில் தெரிய.