கடைசிப் பத்தி

அம்மாவுக்கான பிள்ளைகளின் அஞ்சலியுரையை நான்தான் வாசிக்க வேண்டும் என்று குவாமினா சொன்னபோது என் இரண்டு கைகளும் ரொட்டி மாவுக்குள் இருந்தன. அவன் நீட்டிய தாள்களை வாங்காமல் இருப்பதற்கு அது போதுமான காரணம். அவன் அவற்றைச் சர்க்கரை மூட்டையின் மேல் வைத்தான்.

குவாமினா என் தம்பி. தலைநகர் அக்ராவில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதக்கூடியவன். உரை அச்சுக்குப் போய்விட்டது என்றான். சனிக்கிழமை ஆலயத்தில் எல்லோர் கையிலும் அம்மாவின் படம் போட்ட அஞ்சலி மலர் இருக்கும். யார் எழுந்து வாசித்தாலும் ஊரே அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணால் கூடவே வரும். எங்கள் ஊர் சால்ட்பாண்டில் அடக்க ஆராதனை என்றால் அப்படித்தான்.

எகுவா வாசிக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். எகுவா எங்கள் கடைக்குட்டி. நான் மாவு பிசையும் அந்த ரொட்டிக்கடை அவளுடையது.

"மூத்தவ நீ இருக்கும்போது அவ நின்னா ஊர் என்ன கேக்கும் தெரியுமா அக்கா? அக்காக்காரி அஜுவாவுக்கு இன்னும் தெளியலையான்னு கேக்கும். தெளிஞ்சாச்சுன்னு நீயே போய் நின்னு காட்டு."

அவன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். எனக்கும் நிற்க ஆசைதான். ஊருக்குக் காட்டுவதற்காக அல்ல. அம்மாவுக்கு நான் முதல் பிள்ளை. நோய் வந்த பிறகு என் இடங்கள் ஒவ்வொன்றாக வேறு யாருக்கோ போயின. ஆசிரியர் வேலை போயிற்று, என்னை மணப்பதாக இருந்தவன் வேறொருத்தியை மணந்தான். யாரும் பிடுங்கவில்லை, மெதுவாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். முதல் பிள்ளை என்ற இடம் ஒன்றுதான் மிச்சம். அம்மாவை மண்ணுக்குள் வைத்துவிட்டால் அந்த இடத்தில் நிற்க இன்னொரு நாள் வரப்போவதில்லை.

ஆனால் எனக்குப் படிக்க வராது.

எழுத்துத் தெரியாது என்பதில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோதுதான் அது தொடங்கியது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒன்றும் தங்கவில்லை. அப்போது எந்தக் குரலும் கேட்டதில்லை. தேர்வு பயம் என்றார்கள். பிறகு குரல்கள் வந்தன. அறிவிப்புப் பலகைகள், தகர டப்பாக்கள், பழைய செய்தித்தாள் என்று எழுத்து இருந்த இடமெல்லாம் என்னைப் பற்றியே பேசியது. மனச்சிதைவு என்று மருத்துவர் பெயர் சொன்னார். ஊசியும் மாத்திரையும் பேச்சை நிறுத்தின. அந்த அமைதி எனக்குப் பெரிய நிம்மதி. எழுத்து பேசக்கூடாததைப் பேசுவது நின்றபின்பும், பேச வேண்டியதைப் பேசத் திரும்பவில்லை என்று தெரிய எனக்கு வெகுநாள் பிடித்தது.

இப்போது ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். ஐந்தாவது சொல்லுக்கு வரும்போது முதல் சொல் இருக்காது. திரும்பிப் போய் அதை எடுத்து வந்தால் ஐந்தாவது போயிருக்கும். கண் அடுத்த வரிக்கு இறங்குவதற்குப் பதிலாகப் பழைய வரிக்கே வந்து நிற்கும். மாதா மாதம் ஊசி போடும் செவிலி, தூக்கம் வருகிறதா, குரல் கேட்கிறதா என்று தவறாமல் கேட்பாள். படிக்க வருகிறதா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் வருகிறது என்றுதான் சொல்லியிருப்பேன். நோயாளி என்பது மற்றவர்கள் எனக்குக் கொடுத்த பெயர். படிப்பவள் என்பது நானே எனக்கு வைத்துக்கொண்டது. முதலாவதைச் சுமந்துவிட்டேன், இரண்டாவதைக் கைவிட மனம் வரவில்லை.

அதனால் மனப்பாடம் செய்வது என்று முடிவு செய்தேன். கேட்டால் எனக்கு நிற்கும், மெதுவாகச் சொன்னால் நன்றாகவே நிற்கும். கேட்பதற்கு எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று சாக்குச் சொல்லி, மாவு பிசையும் நேரத்தில் எகுவாவை உரக்கப் படிக்க வைத்தேன். அவள் ஒரு வாக்கியம் படிப்பாள், நான் மாவை ஒரு தரம் மடித்து அழுத்தி அதைச் சொல்வேன். மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டபோது அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"எங்க விட்டேன்னு தெரியல. நீ காட்டு."

தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் பார்த்தேன். கை நிறைய மாவு என்றேன்.

"மூக்கால காட்டு."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம ஆனா பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு உக்காருவியே. அது என்னக்கா?"

"பக்கத்தத் திருப்புவேன்."

"வெறும் பக்கத்தையா?"

"எவ்வளவு நேரத்துக்கு ஒருதடவ திருப்பணும்னு, குவாமினா ஊருக்கு வர்றப்ப அவனப் பாத்துக் கத்துக்கிட்டேன். அவன் விளையாட்டுப் பக்கத்துல ரொம்ப நேரம் நிப்பான். நானும் நிப்பேன்."

எகுவா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அது சிரிப்பு என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி சாக்கெல்லாம் வேண்டாம், ஒழுங்காகப் படிப்போம் என்றாள். குவாமினாவிடம் சொல்லிவிடலாம் என்று அவள் சொன்னதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் உரை முழுவதும் எனக்குள் இருந்தது. முதல் சொல்லைத் தொட்டால் போதும், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கடைசிவரை வந்துவிடும். எங்கே பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக்கூட எகுவா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. அம்மா நிறைந்த வயதில் போனவள் என்பதால், வெறும் துக்கக் கறுப்புக்குப் பதில் எல்லோரும் கறுப்பு வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார்கள். அம்மாவின் குலத்துக் குடும்பத் தலைவர் நீளமாகப் பேசினார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அதைவிட நீளமாக வாசித்தார். பாடகர் குழு யாரும் கேட்காமலேயே இன்னொரு பாட்டுப் பாடியது. போதகர் பிளாங்க்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியில், கல்லறைக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைகள் கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்கட்டும், மீதி மலரில் இருக்கிறது, வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.

அதற்குள் நான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தேன்.

மேடை மேசையில் மலரைத் திறந்து வைத்தேன். ஆலயம் முழுக்கத் தாள்கள் சரசரத்துக் கடைசிப் பத்தியில் போய் நின்றன. எனக்குள் இருந்த உரைக்கு ஒரே ஒரு வாசல், அது தொடக்கத்தில் இருந்தது. மனதுக்குள் முதலிலிருந்து ஓடிப் பார்த்தேன். பாதியில் பயம் வந்து எல்லாம் கலைந்தது. பக்கத்தைப் பார்த்தேன். ‘எங்கள்’ என்று ஒரு சொல், அதன்பின் இன்னொன்று, அதன்பின் மறுபடியும் ‘எங்கள்’.

"கடைசிப் பத்தி, அம்மா," என்றார் போதகர், தணிந்த குரலில்.

முன்வரிசையில் குவாமினா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் நான் பார்த்தது கோபம் இல்லை. அக்காவுக்கு மறுபடியும் குரல் கேட்கிறது என்ற பயம். பக்கத்திலிருந்தவர்களின் முகத்திலும் அதுவே இருந்தது. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தலையைப் பிடித்துக்கொண்டால் போதும், யாராவது வந்து தோளைத் தாங்கி அழைத்துப் போவார்கள். நோயாளிக்கு எல்லோரும் வழி விடுவார்கள். படிக்க வரவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அப்போது நடு வரிசையிலிருந்து மாமே அராபா பாட்டெடுத்தாள். மீன் சுடுகிறவள், அம்மாவின் தோழி. எங்கள் ஆலயத்தில் அவளைப் போன்ற மூத்த பெண்களுக்கு அந்த உரிமை உண்டு. பிரசங்கத்தின் நடுவில்கூட மனம் தூண்டினால் எழுந்து எங்கள் தாய்மொழியான ஃபாண்டியில் பாடுவார்கள், போதகரே நிறுத்திக் காத்திருப்பார். செங்கடலின் முன்னால் வழி தெரியாமல் நின்ற ஜனங்களைப் பற்றி அவள் ஒரு வரி சொல்ல, மற்றப் பெண்கள் எழுந்து பதில் வரி பாடினார்கள். அவர்கள் யார் கையிலும் புத்தகம் இல்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு திரும்பி வந்தது.

பாட்டு முடிந்தது. மறுபடியும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு எனக்கு நேரம் கொடுத்தது, சொல்லைக் கொடுக்கவில்லை. அதை நானேதான் தேட வேண்டியிருந்தது.

"எனக்கு இதப் படிக்க வரலை," என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "குரல் எதுவும் கேக்கல. நல்லாத்தான் இருக்கேன். எழுத்து தெரியும், ஒரு வரிய முடிக்கிறதுக்குள்ள அதோட தொடக்கம் போயிடுது. நோய் வந்ததுலேருந்தே அப்படித்தான். எகுவா ஒவ்வொரு வரியா படிப்பா. நான் சொல்றேன். நான் மூத்தவ, நான்தான் சொல்லணும்."

போதகர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எகுவா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் வாசித்தாள், தாழ்வாக, சற்று முந்தி. நான் அதை எடுத்து உரக்கச் சொன்னேன். எங்கள் தாய் எவரையும் வெறும் கையோடு அனுப்பியதில்லை. எங்கள் தாயின் வீட்டில் அடுப்பு அணைந்ததில்லை. வாரம் முழுக்க ஓசையாக மட்டும் எனக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பொருளோடு வந்தன. தம்பி நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

நான்காவது வரியிலோ ஐந்தாவதிலோ என் குரலுக்கு முன்னால் ஓடிய அந்தத் தாழ்ந்த குரலை எனக்கு அடையாளம் தெரிந்தது. எகுவாவின் குரலை அல்ல, அது ஓடிய விதத்தை. ஞாயிறுதோறும் அம்மா என் பக்கத்தில் நின்று ஞானப்பாட்டின் ஒவ்வொரு வரியையும் அரை மூச்சு முந்திப் பாடுவாள். அவளுக்குத் தாளம் நிற்காது என்று பாடகர் குழுவில் கேலி செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி அவள் வாயிலிருந்து வரியை எடுத்துத்தான் நான் இத்தனை வருடங்களும் பாடினேன், எடுக்கிறேன் என்று தெரியாமலே. அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்கூட.

எகுவா கடைசி வரியைப் படித்தாள். நான் சொன்னேன். அவள் மலரை மூடப் போனாள். நான் ஒலிவாங்கியை விட்டு நகரவில்லை. ஆங்கிலத்தை விட்டுவிட்டு, மாமே அராபாவுக்கும் புரியும்படி ஃபாண்டியில் சொன்னேன்.

"எங்கம்மாவுக்குத் தாளம் தெரியும். எனக்காகத்தான் முந்திப் பாடினா."

ஆலயத்தில் தாள்கள் மறுபடியும் சரசரத்தன. விரல்கள் கடைசிப் பத்தியில் அந்த வரியை மேலும் கீழும் தேடின. முன்வரிசையில் குவாமினா, அந்த உரையை எழுதியவன், பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தையும் பார்த்தான். பிறகு மலரை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.