தினமும் ஒரு குவளை மோர்

சந்தானம் பால்கனியில் குனிந்து கறிவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடி என்று பழக்கத்தில்தான் சொல்ல வேண்டும். தொட்டியில் இடுப்புயரத்துக்கு நின்றது ஒரு மொட்டைக் குச்சி. ஜனவரி மாதம், காலை ஐந்தே முக்கால், பூனாப் பக்கம் ஆகுர்டியில் எட்டு டிகிரி. குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி சிந்தாமல் ஊற்றினார்.

ரோஹிணி அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி சப்பாத்தியை டப்பாவில் அடைத்தாள். அப்பா அந்தச் செடியைக் கொன்றுகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊர்க் குளிரில் கறிவேப்பிலை தூங்கிவிடும். இலையைக் கொட்டிவிட்டு மார்ச் வரைக்கும் சும்மா நிற்கும். அப்போது வேர் தண்ணீர் குடிக்காது, ஊற்ற ஊற்ற அழுகும். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்த ஆட்களுக்கு இது மண்டையில் ஏறாது. இலை கொட்டினால் சத்து போதவில்லை என்று இன்னும் இரண்டு குவளை புளித்த மோரை ஊற்றுவார்கள். இதை ஊருக்கெல்லாம் எழுதிச் சொல்வதுதான் அவள் வேலை. பூனா கேம்ப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது, செடிகள் விற்கும் அவள் கம்பெனி. அதன் தமிழ்ப் பிரிவுக்கு வாரம் ஒரு தோட்டச் செய்தி எழுத வேண்டும், மற்ற நேரமெல்லாம் கேள்விகளுக்குப் பதில். பி.எஸ்சி. தாவரவியல். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

தினம் பத்துப் பேருக்குச் சொல்வதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. ஊற்றட்டும், சாகட்டும், அப்போதாவது உறைக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

ஆகஸ்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மங்கையர்க்கரசி காய்ச்சலுக்கெல்லாம் படுக்கிற ஆள் இல்லை, அன்றைக்குப் படுத்தாள். "ஷிப்டு முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா சாகண் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறினார். மாற்று ஆள் வராமல் டபுள் ஷிப்ட் ஆகிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரி, நான்காம் நாள் சுடுகாடு. டெங்கு என்றார்கள். கொள்ளி வைத்துவிட்டு வந்து அவர் குளித்த ஈரம் காய்வதற்குள், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "நீங்கதான் கொன்னீங்க" என்றாள் ரோஹிணி. அவர் துண்டைத் தலையில் வைத்தபடி நின்றார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கிடையாது. சாவி ஆணியில் தொங்கும், சோறு தட்டு மூடி இருக்கும், இரண்டு பேரும் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து மாதமாக இப்படித்தான்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அம்மா காய்ச்சலில் படுத்த அன்றைக்கு அவளும் வீட்டில்தான் இருந்தாள். மழைக்காலத்தில் ரோஜாவைக் காப்பாற்றுவது எப்படி என்று லேப்டாப் முன்னால் நேரலையில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்து, "கொஞ்சம் வெந்நி வச்சித் தாயேன்" என்றாள். கேமராவில் விழாமல் கையை மேஜைக்குக் கீழே வைத்து, போ போ என்று சைகை காட்டினாள் ரோஹிணி. அம்மா போய்விட்டாள்.

ஆபீஸில் பதினோரு மணிக்குப் பக்கத்து மேஜை ஸ்ரீரஞ்சனி நாற்காலியோடு உருண்டு வந்தாள். பூனாவிலேயே பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"ரோஹிணி, இன்னொரு கடிபத்தா கேஸ். யாரோ அங்கிள், லெட்டர் மாதிரி எழுதிருக்கார். ஸோ ஸ்வீட்! எனக்குப் பாதிதான் புரிஞ்சுது."

"கறிவேப்பிலைன்னு சொல்லு. ஒக்காந்திருக்கறது தமிழ் டெஸ்க்கு, வாயில வர்றது கடிபத்தா."

"அரே, ரசத்துல போட்டா ரெண்டும் ஒண்ணுதானே!"

ரோஹிணி கடிதத்தோடு வந்த படத்தைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது குவளை. அடி நசுங்கிய எவர்சில்வர் குவளை. பின்னால் கொடியில் அவளுடைய பச்சைத் துப்பட்டா தொங்கியது.

'ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு, வணக்கம். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை உள்ளது. பதினோரு வருடம். என் மனைவி வைத்தது. இப்போது அவள் இல்லை. இலை எல்லாம் கொட்டிவிட்டது. அவள் வெள்ளிக்கிழமை மோர் ஊற்றுவாள். நான் தினமும் ஊற்றுகிறேன். இன்னும் எவ்வளவு ஊற்றினால் துளிர்க்கும் என்று தெரிவிக்கவும். விவரம் தெரிந்த பிள்ளை வீட்டில் உள்ளது. கேட்க முடியவில்லை.'

வெள்ளிக்கிழமை ஊற்றுவாள், சரி. மார்கழி பிறந்ததும் அதே குவளையைத் தொட்டியோரம் கவிழ்த்து வைத்துவிடுவாள், மாசி கழிந்துதான் நிமிர்த்துவாள். ஷிப்டுக்கு ஓடுகிற மனுஷன் அதை எங்கே கண்டார்?

"அழறியா என்ன?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"ஒன் வேலையைப் பாரு."

எல்லாப் பதிலும் 'வணக்கம், கவலை வேண்டாம்' என்றுதான் தொடங்க வேண்டும், கம்பெனி விதி. 'கவலை வேண்டாம்' என்பதை அழித்தாள். மோரை இன்றே நிறுத்துங்கள். தண்ணீரும் வேண்டாம். தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், மேலிருந்து கீழாக. உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. 'பழுப்பாக இருந்தால்' என்று டைப் அடித்து, அதற்குமேல் கை ஓடாமல் அந்த வரியையும் அழித்து அனுப்பினாள். தலைவலி என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். தன் கம்பெனி என்று தெரிந்தே எழுதினாரா என்று லோக்கல் ரயிலில் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். எப்படி இருந்தாலும் வலித்தது.

வீட்டுக்குள் நுழையும்போது பால்கனியில் சாய்வெயில் இருந்தது. முதல் ஷிப்ட் முடித்து வந்தவர் உடுப்புகூட மாற்றாமல் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தரையில் போன், அதில் அவள் அனுப்பிய பதில். மண்ணிலிருந்து புளித்த வாடை அடித்தது. செருப்புச் சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை. விரல்களை விரித்துக் காட்டினார். மெஷினில் வேலை செய்கிற கை, நகத்தை எல்லாம் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது.

"எனக்கு நகம் இல்லட்டி."

அவள் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். குச்சி ஆடாமல் அவர் பிடித்துக்கொண்டார். நுனியில் கீறினாள், பழுப்பு. ஒரு சாண் கீழே கீறினாள், அங்கேயும் பழுப்பு. பட்டை காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"டிசம்பர்லயே எனக்குத் தெரியும்ப்பா. வேணும்னுதான் சொல்லல."

இன்னொரு சாண் இறங்கிக் கீறினாள். பழுப்பு.

"அன்னைக்கு அம்மா வெந்நி கேட்டா. நான் போ போன்னு கையக் காட்டிட்டேன்."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. தண்டைப் பிடித்திருந்த அவர் கை பிடியை விடாமலே நழுவி நழுவி மண்ணைத் தொடுகிற இடத்துக்கு இறங்கியது.

"இன்னும் கீழ பாரு" என்றார்.

அவருடைய விரல்களுக்கு இடையே ஒரு நகம் அகலத்துக்குப் பட்டை தெரிந்தது. ரோஹிணி கட்டைவிரல் நகத்தை அங்கே வைத்தாள்.