பாதி வழியில் நின்ற சுரப்பி

லாத்தாயின் கழுத்தில், தாடைக்குக் கீழே நட்டநடுவில், எலுமிச்சையளவு ஒரு கட்டி. நாக்கை நீட்டினால் அதுவும் மேலேறும். தீவின் தலைநகரான நுகுவாலோபாவில், தேவாலயப் பாடகர் குழுவில் அவளுக்குத் 'தவளை' என்றே பெயர். நல்ல குரல் இருந்தும் கடைசி வரிசையில்தான் நிற்பாள்.

அறுத்து எடுக்க மருத்துவமனையில் நாள் குறித்தாயிற்று. முந்தின நாள் ஸ்கேன் செய்த டாக்டர் ஹவிலி, கருவியை அவள் கழுத்தின் அடிப்பக்கம் திரும்பத் திரும்ப ஓட்டினார். பிறகு அவளையும் அவள் அம்மா ஃபிஃபிதாவையும் உட்கார வைத்தார்.

"ஆபரேஷன் வேண்டாம். நீர்க்கட்டின்னு நினைச்சோம். இதுதான் உங்க தைராய்டு. வேற இல்ல, இது ஒண்ணுதான். எடுத்திருந்தா வம்பா போயிருக்கும்."

"அது ஏன் டாக்டர் அங்க வந்துச்சு?"

"கருவுல இது நாக்கோட அடியில முளைச்சு, கழுத்துக்குள்ள இறங்கி, குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழ போய் உட்காரணும். உங்களுது பாதி வழியிலயே நின்னுடுச்சு."

ஃபிஃபிதா தலைகுனிந்தபடி கேட்டாள்: "நான் மாலை போட்டதாலயா?"

லாத்தாயைச் சுமந்தபோது ஒரு கல்யாணத்தில் பூமாலை அணிந்திருந்தாள். அதுதான் பிள்ளையின் கழுத்தைப் பிடித்தது என்று கணவனின் அக்கா சேய்னி அன்றிலிருந்து சொல்லி வந்தாள். அந்த வீட்டில் அத்தை சொன்னால் மறுபேச்சு கிடையாது.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்போ எத்தனை மாசம்?"

"ஆறு."

"இந்தச் சுரப்பியோட பயணம் ரெண்டு மாசத்துக்குள்ளயே முடிஞ்சிடும்மா. அது நின்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் நீங்க மாலையே போட்டிருக்கீங்க."

ஃபிஃபிதா வாய்விட்டு அழுதாள். லாத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா இதையெல்லாம் மனதில் வைத்திருந்தாள் என்றே அவளுக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் ஃபிஃபிதா நேரே சேய்னியின் வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும், மரியாதைக்குத் தரையில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சேய்னி கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள்.

"நீ ஆறு மாசமா இருந்தியா அப்போ?"

"ஆமா அக்கா."

"எனக்கு யாருடி சொன்னா இதெல்லாம்?" என்று முணுமுணுத்தாள். பிறகு லாத்தாயைப் பார்த்து, "உங்கம்மாவை மேல பாயில உட்காரச் சொல்லு. கிழங்கு வெந்துடுச்சு, சாப்பிட்டுப் போகலாம்."

டாக்டர் கொடுத்த மாத்திரையில் கட்டி மெல்லச் சுருங்கியது, முழுதாகப் போகவில்லை. லாத்தாய் இப்போது முன்வரிசையில் பாடுகிறாள்.